மூளைப் பெட்டியும் புடவை கட்டிய மீனும்

மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது மூளை இருக்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு என்னால் ஆன சேதத்தை ஒரே காலைப்பொழுதில், அதுவும் ஒரு நல்ல முகூர்த்த நாளில், நான் செய்து முடித்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் பவானிபூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதச் சோதனைக்காலத்தில் சேர்ந்திருந்தேன். எலி, கோழி, ஆடு, மனிதன் என்று வரிசையாக மூளைத் துணுக்குகளை எடுத்து, அவற்றில் உள்ள செல்களைப் பிரித்து, எது எந்த வகை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அங்கே வேலை. எலியிடம் இருக்கும் செல் நம்மிடமும் இருக்கிறதா, நம்மிடம் மட்டும் புதிதாக ஏதாவது வந்து சேர்ந்திருக்கிறதா, மனித மூளை எந்த வழியாக இப்படி ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். பெரிய பெரிய செல் வகைகள் எல்லாம் எலிக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். (நான் அதிர்ச்சி அடையவில்லை. எனக்குச் சொந்தக்காரர்கள் நிறைய உண்டு.)

ஆய்வுக்கூடத்தின் தலைவி பாரமிதாதி. 'தி' என்றால் அக்கா. அங்கே பேராசிரியைகளை மாணவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாரமிதாதி யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். லேசான கோபத்துக்கு ஒரு பக்கக் கண்ணாடி, பலத்த கோபத்துக்கு இரண்டு பக்கமும். நான் சேர்ந்த பிறகு அவருடைய கண்ணாடி கொல்கத்தாவிலேயே சுத்தமான கண்ணாடியாக ஆகியிருந்தது. காரணம், நான் ஒட்டிய தவறான லேபிளால் ஒரு கோழி இரண்டு வாரம் ஆடாக வாழ்ந்தது. ஆட்டுக்கும் கோழிக்கும் மூளையில் இத்தனை ஒற்றுமையா என்று ஆய்வுக்கூடமே வியந்து, ஒரு கட்டுரை எழுதலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டது.

சோதனைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது பாரமிதாதி என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து நிபுணர் வருகிறார். பன்னிரண்டு மணிக்குள் வேலையை ஆரம்பித்தால்தான் அவர் சாயங்கால விமானத்தைப் பிடிக்க முடியும். எலி, கோழி, ஆடு மூன்றும் பவானிபூரில் ஒரு கல்லூரியின் ஃப்ரீசரில் இருக்கிறது. உன் வீடும் பவானிபூர்தானே? சனிக்கிழமை சாயங்காலம் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் எடுத்து வா. அவ்வளவுதான். ஒரு பெட்டியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். முடியுமா?"

"முடியும் பாரமிதாதி."

"முடிந்தால் உன் பெயரை ஆராய்ச்சிக்குப் பதிவு செய்கிறேன். முடியாவிட்டால்..." என்று நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் அப்பா ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அப்பா வங்கி அதிகாரி. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகளும் வங்கிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வங்கித் தேர்வுப் பயிற்சி வகுப்பு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள், அதாவது திங்கட்கிழமையே, ஆரம்பம். விண்ணப்பத்தில் என் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழகான எழுத்தில் நிரப்பி மேஜைமேல் வைத்திருந்தார். எனக்கோ மூளையை விட்டால் வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. அந்தப் பெட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் நான் ஆராய்ச்சியாளர். சேராவிட்டால் வங்கித் தேர்வு.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியை வாங்கினேன். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. உள்ளே டிரை ஐஸ், அதன் நடுவே சின்னச் சின்னக் குழாய்கள். எலி, கோழி, ஆடு என்று மூன்றில் மூளைத் துணுக்கு. நான்காவது குழாயில் மனிதன் என்று லேபிள் மட்டும் ஒட்டி, காலியாக இருந்தது. மனிதத் துணுக்கை எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே அனுமதியோடு பூட்டி வைத்திருந்தார்கள். அங்கே போய் நிரப்பிக்கொள்வதாகத் திட்டம். மேலே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு பட்டியல். எல்லாவற்றையும் மூடி, பழுப்பு டேப் ஒட்டி, 'திறக்காதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் ஒரு காகிதமும் ஒட்டினேன். கோழியை ஆடாக்கிய நான் இந்தத் தடவை எவ்வளவு கவனம் என்று எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

முதல் மாடியில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா வழியை மறித்தாள்.

"ஏட்டி, பொட்டிக்குள்ள என்னது?"

"மூளைம்மா."

"யாரு மூள?"

"எலி, கோழி, ஆடு."

"ஏ முருகா! சைவ வீட்டுக்குள்ள ஆட்டு மூளையக் கொண்டாந்து வைக்கப் பாக்கியே, ஒனக்கு என்னட்டி வந்துச்சு? உங்கப்பா பூசைல இருக்காவ. வாசப்படியத் தாண்டிராத, சொல்லிட்டேன்."

"என் வேலையே இதுலதான்மா இருக்கு."

"வேலையெல்லாம் சரிதான். வாசலுக்கு அங்கிட்டு வச்சுப் பாரு."

படியில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்த என்னைக் காப்பாற்றியது கீழ்த்தளத்து ரத்னா காக்கிமா. 'காக்கிமா' என்றால் சித்தி மாதிரி. உறவு இல்லை, அதைவிட நெருக்கம். எங்கள் வீட்டுச் சொதிக் குழம்பு அவர் வீட்டுக்குப் போகும், அவர் வீட்டு சந்தேஷ் இனிப்பு எங்கள் வீட்டுக்கு வரும். அன்றைக்கு அவர் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மகன் பாப்பாய்தாவுக்கு ('தா' என்றால் அண்ணன்) மறுநாள் கல்யாணம்.

"ஆரே, கொண்டா கொண்டா! மூளைக்கு என்ன பயம்? என் மாமனார் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டு மூளை வறுவல்தான். மாடிப்படிக்குக் கீழே வை. யாரும் தொட மாட்டார்கள்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டுப் படிக்குக் கீழே வைத்தேன். சுவர் ஓரமாக, வெயில் படாத இடம். நிம்மதியாகத் தூங்கினேன். என் வாழ்க்கையில் நான் தூங்கிய கடைசி நிம்மதியான தூக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நடந்ததில் பாதியை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது சரியாக விளங்கும்.

வங்காளிக் கல்யாணத்தில், கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குப் பூசிய மஞ்சளில் மிச்சத்தைப் பெண் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது வந்தால்தான் பெண்ணுக்கு மஞ்சள் பூச முடியும். மஞ்சளோடு தட்டுத் தட்டாகச் சீர்வரிசையும் போகும். புடவை, இனிப்பு, சீப்பு, கண்ணாடி எல்லாம் போகும். எல்லாவற்றுக்கும் ராணி, ஒரு பெரிய ரூயி மீன். அந்த மீனுக்குச் சின்னதாகச் சிவப்புப் புடவை கட்டி, பொட்டு வைத்து, மூக்குத்தி போட்டு, வாயில் வெற்றிலை சொருகி, மணப்பெண் மாதிரி அலங்கரித்து அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் மீன் என்ற சொல்லையே கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லுவோம். அதனால் மீனுக்குப் புடவை கட்டும் சமாச்சாரத்தை நான் காதால் கேட்டிருந்தேனே தவிர, கண்ணால் பார்த்ததில்லை.

காலை ஆறு மணிக்குக் காக்கிமாவின் தம்பி மார்க்கெட்டிலிருந்து மீனை வாங்கி வந்தார். காக்கிமா அதற்கு அலங்காரம் செய்து, வைசாக மாத வெயிலாயிற்றே என்று ஐஸ் போட்டு, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பழுப்பு டேப் ஒட்டி, படிக்குக் கீழே வைத்தார். அதாவது, என் பெட்டிக்குப் பக்கத்தில். சீர்வரிசையில் போகிற எல்லாவற்றிலும் சிந்தூரப் பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். மற்றத் தட்டுகளுக்கு வைத்தாயிற்று. மீன் பெட்டிக்கு வைப்பதற்குள் யாரோ கூப்பிட, உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மா குளித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

அம்மாவுக்கு ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லையாம். ஒரு பக்கம் மகளுடைய வேலை. இன்னொரு பக்கம் பெட்டிக்குள் இருக்கும் மூன்று ஜீவன்கள். அதனால் 'திறக்காதீர்கள்' என்ற காகிதத்தைப் பார்த்து என் பெட்டியை அடையாளம் கண்டு, ஜீவன்களுக்காகத் திருநீறும் என் வேலைக்காகச் சந்தனம் குங்குமமும் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டுப் பார்த்தால், நல்ல காரியத்துக்குப் போகிற பெட்டியில் முதல் சொல்லே 'திறக்காதீர்கள்' என்று அபசகுனமாக இருந்திருக்கிறது. அதைக் கிழித்து எடுத்துவிட்டாள்.

ஒன்பது மணிக்குக் காக்கிமா வந்து பார்த்தார். ஒரு பெட்டியில் குங்குமம். ஒரு பெட்டியில் ஒன்றுமில்லை. தங்கைகளில் யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, "சிந்தூரம் வைத்ததெல்லாம் நம்முடையது, வண்டியில் ஏற்று" என்று தம்பியிடம் சொன்னார். சங்கு ஊதி, பெண்கள் குலவையிட்டு, பன்னிரண்டு தட்டுச் சீரோடு எலி மூளை, கோழி மூளை, ஆட்டு மூளை மூன்றும் டாக்குரியாவில் இருக்கும் பெண் வீட்டுக்குக் கிளம்பிப் போயின.

நான் ஒன்பதரைக்கு இறங்கினேன். படிக்குக் கீழே ஒரு பெட்டி. காகிதத்தைக் காணோம், ஈரத்தில் உரிந்திருக்கும் என்று நினைத்தேன். தூக்கினேன். நேற்றைவிடக் கனமாக இருந்தது, எனக்குப் பயத்தில் கை பலவீனமாகிவிட்டது என்று நினைத்தேன். மீன் வாசனை அடித்தது, கல்யாண வீட்டு வாசனை என்று நினைத்தேன். இவ்வளவு நினைத்தவள், திறந்து பார்க்கலாம் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

டாக்சியில் ஏறியதும் ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மீனா, திதி?" ('திதி' என்றாலும் அக்காதான்.)

"இல்லை. ஆராய்ச்சி."

அவர் ஒரு தடவை மூச்சை இழுத்தார். "நல்ல பெரிய ஆராய்ச்சிதான்" என்றார்.

பாதி வழியில் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி என் சல்வாரை நனைத்தது. டிரை ஐஸ் உருகினால் தண்ணீர் வராது, ஆவியாகப் போய்விடும். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். இதை நான் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று, "பாவம், மூளைக்கும் வேர்க்கிறது" என்பதுபோல் பெட்டியைத் தடவிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தேகாலுக்கு ஆய்வுக்கூடம். எல்லோரும் தயாராக நின்றார்கள். கையில் உறை, முகத்தில் முகமூடி. நடுவில் பாரமிதாதி. பக்கத்தில் பெங்களூர் நிபுணர், மெலிந்த, அமைதியான மனிதர். அவருக்குப் பாரமிதாதி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார்: "முப்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்து வாழ்ந்த இனங்களின் மூளைகள் இந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன."

நான் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். டேப்பைக் கிழித்து, ஒரு மந்திரவாதியின் பணிவோடு மூடியைத் திறந்தேன்.

உள்ளே மீன் படுத்திருந்தது. சரிகைக் கரை போட்ட சிவப்புப் புடவை. நெற்றியில் பொட்டு. கழுத்தில் மல்லிகைச் சரம். வாயில் வெற்றிலை. திறந்த கண்ணால் நேராக நிபுணரையே பார்த்தது.

பாரமிதாதிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இது என்ன?"

"மீன், பாரமிதாதி" என்றேன்.

"என்ன மீன்?"

தெரியவில்லை. மூன்று மாதமாக உயிரினங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, கொல்கத்தாவிலேயே வளர்ந்த எனக்கு, தெருவில் போகிற மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரிந்த மீனின் பெயர் தெரியவில்லை. "புடவை கட்டிய..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அதற்குள் மற்ற மாணவர்கள் மீனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் ரூயி என்றான். இன்னொருத்தி, தலை பெரிதாக இருக்கிறது, கட்லாவாக இருக்கும் என்றாள். நாலு கிலோ தேறும், இல்லை ஐந்து கிலோ, செவுள் சிவப்பாக இருக்கிறது பார், இன்று காலை மீன்தான் என்று ஒரே விவாதம். பேரிடர் நடந்துவிட்டதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல மீன் கண்ணில் பட்டுவிட்டால் அவர்களுக்கு மற்றதெல்லாம் பிறகுதான்.

நிபுணர் தொண்டையைக் கனைத்தார். "உங்கள் ஊரில் ஸாம்பிளை இப்படித்தான் அனுப்புவார்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

பாரமிதாதி கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணாடியைத் துடைத்தார். இன்னொன்றைத் துடைத்தார். திரும்பவும் முதல் கண்ணாடிக்குப் போனார். வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் அப்பாவின் அழகான கையெழுத்து என் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது அம்மாவிடமிருந்து போன்.

"ஏட்டி, என்னட்டி பண்ணித் தொலைச்சே? கீழ காக்கிமா அழுதுக்கிட்டு இருக்காவ! பொண்ணு வீட்டுல இருந்து போன் வந்துச்சாம், சீருல மூளைய அனுப்பி அவமானப்படுத்திட்டியன்னு சத்தம் போடுதாவளாம்!"

விஷயம் இதுதான். நிச்சயதார்த்தத்தில் காக்கிமா பெருமை தாங்காமல், "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் அதிகம்" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தாராம். பாப்பாய்தா கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் இன்ஜினியர். பெண் வீட்டார் அந்த வார்த்தையை மனசில் வைத்திருந்தார்கள். இப்போது சீர்வரிசையில் மூன்று மூளை போய் இறங்கினால் என்ன நினைப்பார்கள்? உங்கள் பெண்ணுக்கு இல்லாததை நாங்களே அனுப்பியிருக்கிறோம் என்றுதானே நினைப்பார்கள்! பெண் மௌமிதா கணக்கு டீச்சர் வேறு.

நான் நடந்ததைச் சொன்னேன். பாரமிதாதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"பெட்டியைத் திறந்துவிட்டார்களா? எவ்வளவு நேரம் திறந்திருந்தது? உருகியிருந்தால் எல்லாம் குப்பை. மீனை எடு. என் காரில் ஏறு."

டாக்குரியா பக்கம்தான். பத்து நிமிடம். நான் பின் சீட்டில் மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். சிலரைத் தமிழில், சிலரை வங்காளத்தில்.

பெண் வீட்டு முற்றத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. நடுவில் பிரம்பு நாற்காலியில் பெண்ணின் பெரியப்பா. எல்லோரும் அவரை ஜெட்டு என்றார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நாற்காலிக்குப் பக்கத்தில் குங்குமமும் திருநீறுமாக என் பெட்டி. மூடியிருந்தது.

நடந்ததை ஒரு பெண்மணி எங்களுக்குச் சொன்னார். சீர் வந்தால் கூடவே வரும் பட்டியலை உரக்கப் படித்து, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். அந்த வேலையை ஜெட்டுவைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். தட்டுகளை முடித்துவிட்டுக் கடைசியாக மீன் பெட்டி என்று சொல்லி, பெண்கள் குலவையிட, மூடியைத் திறந்திருக்கிறார்கள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை. குலவை பாதியில் நின்றுவிட்டது. ஒரு அத்தை, சாமி வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ஜெட்டு மட்டும் அசையவில்லை. உள்ளே பட்டியல் இருக்கக் கண்டு, அதை எடுத்துத் தலைமையாசிரியர் குரலில் படித்திருக்கிறார்.

"மூளை, எலி, ஒன்று: இருக்கிறது. மூளை, கோழி, ஒன்று: இருக்கிறது. மூளை, ஆடு, ஒன்று: இருக்கிறது. மூளை, மனிதன், ஒன்று..." குனிந்து பார்த்திருக்கிறார். "காலி!"

கல்யாணம் நிற்கும் நிலைக்கு வந்தது எலியால் அல்ல, அந்தக் காலிக் குழாயால்தான். இந்த வீட்டில் மனித மூளையே கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நான் மீன் பெட்டியோடு போய் ஜெட்டுவின் முன்னால் நின்றேன்.

"நீ யார்? மாப்பிள்ளைப் பக்கமா?"

"இல்லை ஜெட்டு. நான்... மூளைப் பக்கம்."

அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. நாடகமல்ல, நிஜமாகவே. மீன் மீதே கண்ணீர் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் உளறினேன். கோழி ஆடான கதை, வங்கித் தேர்வு, என் அம்மா பெட்டியை உள்ளே விடாதது எல்லாம் வந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியில் எப்படிக் குங்குமம் வந்தது என்பது எனக்கே அப்போது தெரியாததால் அதை மட்டும் சொல்லவில்லை. பாரமிதாதி இடையில் புகுந்து, எந்த அவமரியாதையும் இல்லை, எலி முதல் மனிதன் வரை செல்களை ஒப்பிடுகிறோம், பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, எங்கே வித்தியாசப்படுகிறது என்று தேடுகிறோம் என்று விளக்கினார்.

ஜெட்டு ஒரு வகுப்புக்கே கேட்பதுபோல் கேட்டார். "சரி, என்ன வித்தியாசம்?"

"அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்."

"இன்னும் கிடைக்கவில்லை?"

"முழுசாக இல்லை."

"அப்படியானால் அந்தக் குழாய் காலியாக இருப்பது நேர்மைதான்" என்றார் ஜெட்டு.

முதலில் சிரித்தது மௌமிதா. நெற்றியில் மஞ்சள் பூசக் காத்துக்கொண்டு உள் வாசலில் நின்றிருந்தாள். "ஜெட்டு, அவர்கள் மூளையை அவர்களிடம் கொடுத்துவிட்டு நம் மீனை வாங்குங்கள். பசியில் எனக்கு இருக்கிற மூளையும் போய்விடும் போலிருக்கிறது. மஞ்சள் பூசும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடத் தரமாட்டேன் என்கிறார்கள்" என்றாள். முற்றமே சிரித்தது. அந்த நிமிடம் அவள் காலில் விழுந்திருப்பேன், கையில் மட்டும் மீன் இல்லாமல் இருந்திருந்தால்.

ஆனால் ஜெட்டு முறைப்படிதான் எதையும் செய்வார். மீனை முதலில் சரிபார்த்தார். புடவை இருக்கிறது, மாலை இருக்கிறது, வெற்றிலை இருக்கிறது, மூக்குத்தி இல்லை. 'மூக்குத்தி வரவில்லை' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். (மூக்குத்தி மூன்று மாதம் கழித்து எங்கள் ஆய்வுக்கூட மேஜைக்கு அடியில் கிடைத்தது.) பிறகு என் பட்டியலை மடித்துப் பாரமிதாதியிடம் கொடுத்தார். எலி, கோழி, ஆடு மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். கீழே அழகான ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 'பெட்டி திறக்கப்பட்ட நேரம் காலை 10:02. புகை வெளிப்பட்டது. பொருள்கள் எதுவும் கையால் தொடப்படவில்லை. பெட்டி மூடப்பட்ட நேரம் 10:04. மனிதன் மட்டும் குறைகிறது.' அடியில் கையெழுத்து.

பாரமிதாதி அதை இரண்டு தடவை படித்தார். "இரண்டே நிமிடம்" என்றார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் டிரை ஐஸ் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. மூளைகள் கல் மாதிரி உறைந்திருந்தன.

பதினொன்றே முக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டோம். நிபுணர் அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தியாவில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களுக்குப் போயிருக்கிறேன், ஒரு ஸாம்பிள் எப்போது திறக்கப்பட்டது எப்போது மூடப்பட்டது என்று நிமிடக் கணக்கில் எழுதி வைத்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். பாரமிதாதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர்" என்றார் பாரமிதாதி.

அன்று வேலை நன்றாக நடந்தது. சாயங்காலம் பாரமிதாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளை ஒன்பது மணிக்கு வந்துவிடு. உன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். வெளியே வந்தால் அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு நிபந்தனை. நீ செல்களைப் பார், எண்ணு, ஒப்பிடு. ஆனால் இந்தக் கூடத்தில் எந்தப் பெட்டியையும் நீ தூக்கக் கூடாது. எப்போதும்." இன்றுவரை அந்தத் தடை விலக்கப்படவில்லை. இப்போது நானே அங்கே மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். என் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தவிர வேறு எதையும் கொண்டுபோக எனக்கு அனுமதி இல்லை.

வீட்டில் அப்பாவிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த விண்ணப்பத்தை நாலாக மடித்து அலமாரிக்குள் வைத்தார்.

"பேங்க்ல இப்படி ஒரு பொட்டி மாறுனா என்ன ஆவும்னு நெனச்சுப் பாத்தேன்" என்றார். "நீ ஆராய்ச்சியே பண்ணு தாயி. எல்லாருக்கும் நல்லது."

பாப்பாய்தாவும் மௌமிதாவும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஏழு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் துர்கா பூஜை முடிந்து பெரியவர்களைப் பார்த்து வணங்கும் நாளில் ஜெட்டு காக்கிமா வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டிலிருந்தும் எல்லோரும் கீழே போவோம். இனிப்பு சாப்பிட்டதும் ஜெட்டு என் பக்கம் திரும்பி, வகுப்பில் கேட்பதுபோல் அதே கேள்வியைக் கேட்பார்.

"என்னம்மா, எலி மூளைக்கும் மனித மூளைக்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்தாயா?"

நானும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, செல் வகைகள் பெரும்பாலும் பொதுதான் ஜெட்டு, அவற்றின் விகிதத்திலும் அவை வேலை செய்யும் விதத்திலும்தான் என்று ஆரம்பிப்பேன். ஒரு வருடம்கூட அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடிந்ததில்லை. எந்தப் பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள் என்பதை இன்றுவரை என்னைத் தவிர ஒருவரிடமும் மூச்சுவிடாத என் அம்மா, வாயில் ரசகுல்லாவோடு, தன் திருநெல்வேலி வங்காளத்தில் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்:

"எலி பெட்டியை மாற்றி எடுத்துக்கொண்டு போகாது."